சமநிலை யாருடைய சாதனை?

அமைதியாக இருப்பவரை நாம் போற்றுகிறோம். சட்டென்று சினம் கொள்பவரைக் குறை கூறுகிறோம். வைகறையில் எழுந்து சுறுசுறுப்புடன் கடமையாற்றுபவரை நல்லவர் என்கிறோம். படுக்கையை விட்டு எழவே தயங்குபவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமைதி, ஊக்கம், நிதானம் ஆகியவை ஒருவர் தமது முயற்சியால் ஈட்டிய செல்வங்கள் என்பது நமது எண்ணம். அவை இல்லாதவர் போதிய முயற்சி செய்யாதவர் என்பது அந்த எண்ணத்தின் மறுபக்கம்.

இது முழுவதும் சரிதானா?

நமது கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி அமைந்திருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அது அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் இதயம் படபடக்கிறது, கைகள் நடுங்குகின்றன, உறக்கம் கலைகிறது, சிறு சொல்லுக்கும் எரிச்சல் மூளுகிறது. அதே சுரப்பி குறைவாகச் சுரந்தால் உடல் சோர்கிறது. குளிர் தாங்க முடிவதில்லை. எண்ண ஓட்டம் மந்தமாகிறது. மனத்தில் காரணம் தெரியாத வாட்டம் கவிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் முதலாமவரை முன்கோபி என்பார். இரண்டாமவரைச் சோம்பேறி என்பார். உண்மையில் இருவருக்கும் இருப்பது ஒரு சிறிய சுரப்பியின் நோய்.

அப்படியானால் நம்மிடம் உள்ள அமைதியில் எவ்வளவு நமது சாதனை? எவ்வளவு நமக்கு வழங்கப்பட்ட கொடை? அறத்தைப் பற்றிச் சிந்திப்பவர்கள் தவிர்க்கக் கூடாத வினா இது. விடை தேடுமுன், உடல் எவ்வாறு தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

உள்ளே ஒரு கடல்

சமநிலையே ஆரோக்கியம் என்ற கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. தோஷங்கள், செரிமானத் தீ, தாதுக்கள், கழிவுகள் ஆகியவை சமமாக இருப்பதோடு, ஆன்மாவும் புலன்களும் மனமும் தெளிந்திருப்பவனே ஆரோக்கியமானவன் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. மிகுதி, குறைவு இரண்டுமே நோய் என்ற கருத்துடன் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தொடங்குகிறது.

நவீன அறிவியல் வேறு பாதையில் வந்து இதே வாசலை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட், வெளிச்சூழல் எவ்வளவு மாறினாலும் உடலின் செல்களைச் சூழ்ந்துள்ள உள்சூழல் மாறாமல் காக்கப்படுகிறது என்று விளக்கினார். கோடைக்காலப் பாலைவனத்திலும் பனிமலையிலும் மனிதனின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. இரத்தத்தின் காரத்தன்மையைக் குறிக்கும் அளவு 7.35 முதல் 7.45 வரை என்ற குறுகிய எல்லைக்குள் நிலைநிறுத்தப்படுகிறது. 

1902-ல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. செய்தியை எடுத்துச் சென்றது இரத்தத்தில் கலந்த ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு 1905-ல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். ‘கிளர்ந்தெழச் செய்வது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன், உடல் தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் இந்த ஆற்றலுக்கு 1926-ல் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார். அதை விளக்கி 1932-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘உடலின் ஞானம்’ என்று பொருள்படும்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

அந்த ஞானத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். உணவுக்கு முன், ஆரோக்கியமானவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். கணக்கிட்டால், உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உள்ள சர்க்கரை 4 அல்லது 5 கிராம்தான். அதாவது ஒரு தேக்கரண்டி! மூளை மட்டுமே ஒரு நாளில் ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. யாரும் இட்டு நிரப்பாவிட்டால் அந்தத் தேக்கரண்டிச் சர்க்கரை மூளைக்கு ஒரு மணி நேரத்திற்குக்கூட நிச்சயமாகப் போதும் என்று சொல்ல முடியாது.

ஆயினும் நாம் இரவு முழுவதும் உண்ணாமல் உறங்குகிறோம். காலையில் நலமுடன் எழுகிறோம். எப்படி? நாம் உண்ணும்போது கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது மிகுதியான சர்க்கரையைத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கச் செய்கிறது. நாம் உண்ணாதபோது அதே கணையத்தின் ஆல்ஃபா செல்கள் குளூக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்து இரத்தத்திற்கு வழங்குகிறது. ஒன்று சேர்க்கச் சொல்கிறது. மற்றொன்று கொடுக்கச் சொல்கிறது. எதிரெதிரான இவ்விரு செல்களும் ஒரே உறுப்பின் ஒரே திட்டில் அருகருகே வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்க முயல்வதில்லை. இரண்டில் எது ஒடுங்கினாலும் சமநிலை குலையும்.

உடலில் சமநிலை என்பது அசையாத நிலை அன்று என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். தராசின் முள் நடுவில் நிற்பது போல அது நிற்பதில்லை. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போல ஒவ்வொரு கணமும் சாய்ந்து, ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டு முன்செல்கிறது. சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே வெளியேற்றி, எஞ்சியதை மீட்டு இரத்தத்திற்குத் தருகின்றன. நாம் ‘சும்மா இருக்கிறேன்’ என்று சொல்லும் வேளையிலும் உள்ளே இத்தனை உழைப்பு நடக்கிறது.

போதும் என்று அறிதல்

இந்த உழைப்பின் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சுரப்பியும் தன் செயலின் விளைவைக் கவனிக்கிறது. விளைவு போதுமான அளவை எட்டியதும் தன் செயலைக் குறைத்துக்கொள்கிறது.

தைராய்டையே எடுத்துக்கொள்வோம். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு தன் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் இரத்தத்தின் வழியே மீண்டும் மூளையை அடைந்து, ‘போதும்’ என்ற செய்தியைத் தெரிவிக்கிறது. உடனே மேலிருந்து வரும் தூண்டுதல் குறைகிறது. ஆணையிடுபவர், தம் ஆணையின் விளைவுக்குத் தாமே செவிசாய்க்கிறார். நிறுத்தத் தெரியாத ஆட்சி உடலில் நிலைப்பதில்லை.

கேளாத செவியால் வரும் கேட்டையும் உடலில் காணலாம். இரண்டாம் வகை நீரிழிவில் பலருக்கும் தொடக்கத்தில் இன்சுலின் போதுமான அளவிலும், சில வேளை மிகுதியாகவும் இருக்கிறது. ஆனால் செல்கள் அதன் அழைப்புக்கு மந்தமாகவே இணங்குகின்றன. கணையம் மேலும் மேலும் உரக்க அழைத்து இறுதியில் களைத்துவிடுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பரம்பரை, உணவு, உழைப்பின்மை, உறக்கக் குறைவு என அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில நம் கையில் உள்ளன, சில இல்லை. ‘இனிப்பைத் தின்றாய், அனுபவிக்கிறாய்’ என்று ஒரு நோயாளியிடம் சொல்வது எளிது. ஆனால் அது அறிவும் அன்று, அன்பும் அன்று.

காங்க்ரா பள்ளத்தாக்கு சொல்லும் செய்தி

உடலின் சமநிலை தோலுக்கு உட்பட்ட விஷயம் மட்டுமா? இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கு இதற்கு விடை தருகிறது.

தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் தேவை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 150 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் 15 பங்கு. இமயமலையின் அடிவாரங்களில் பனியும் மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்த அயோடினை நெடுங்காலமாக அரித்துச் சென்றுவிட்டன. அங்கே விளையும் தானியத்திலும் அது குறைவு. ஹார்மோன் குறையும்போது ‘போதும்’ என்ற செய்தி மூளைக்கு வருவதில்லை. பிட்யூட்டரி ஓயாமல் தூண்டுகிறது. தைராய்டு தன்னால் இயன்றவரை வளர்ந்து, கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் பற்றிக்கொள்ள முயல்கிறது. கழுத்தில் புடைத்துத் தெரியும் கழலை அப்படித்தான் உண்டாகிறது. காண்பவர் கண்ணுக்கு அது விகாரம். உண்மையில் அது சமநிலைக்காக உடல் நடத்தும் நெடிய போராட்டத்தின் அடையாளம். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படுகிறது.

1950-களின் நடுவில், மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் காங்க்ராவில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. மற்றதில் அவ்வாறு குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் நோய் தணிந்தது. 1962-ல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது.

இதன் அறப்பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். காங்க்ராவின் குழந்தைக்கு மந்தம் நேர்ந்தது என்றால், அது அக்குழந்தையின் குற்றமா? தாயின் குற்றமா? எந்த மனவுறுதியால் அந்தக் குறையை நிரப்பியிருக்க முடியும்? தேவைப்பட்டது ஒரு சிட்டிகை உப்பும், அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்புள்ள ஒரு சமுதாயமும்தான். நமது சமையலறையில் உள்ள உப்புப் பாத்திரத்தில் யாரோ சிலரது நெடுநாள் உழைப்பு கலந்திருக்கிறது. நம் குழந்தையின் கூர்மையான அறிவை நமது வளர்ப்பின் பெருமை என்று மட்டும் சொல்லிக்கொள்வது எவ்வளவு பொருந்தும்?

அப்படியானால் நாம் வெறும் இரசாயனமா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. சினமும் சோர்வும் சுரப்பிகளின் செயல் என்றால், பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? ‘என் ஹார்மோன் அப்படி; நான் என்ன செய்வேன்?’ என்று எவரும் கைகழுவிவிடலாம் அல்லவா?

இதற்கும் உடலே விடை தருகிறது. ஆபத்து நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. அட்ரீனலின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் அகன்றுவிடும். அதைத் தொடர்ந்து வரும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும், வேலை முடிந்ததும் மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லித் தன் சுரப்பைத் தானே தணித்துக்கொள்கிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலகியவனின் உடல், பாம்பு மறைந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப ஆயத்தமாக இருக்கிறது.

ஆனால் மனிதனுக்கு நினைவு உண்டு. காலையில் கேட்ட ஒரு கடுஞ்சொல்லை அவன் மாலைவரை நூறு முறை நினைக்கிறான். இன்னும் நேராத அவமானத்தைக் கற்பனையில் நூறு முறை அனுபவிக்கிறான். சுரப்பிக்குக் கண் இல்லை. எதிரில் இருப்பது பாம்பா, பாம்பின் நினைவா என்று அதற்குத் தெரியாது. ‘ஆபத்து’ என்று மனம் அறிவித்தால் அது நம்பிச் சுரக்கிறது. இது மாதக்கணக்கில் நீடித்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன, உறக்கம் கெடுகிறது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. உடல் ‘போதும்’ என்று சொல்ல வந்த வேளையில் ‘போதாது’ என்று மனம் மறுத்த கதை இது.

முதல் எழுச்சி நம் கையில் இல்லை. அதற்கு மேலும் மேலும் விறகு இடுவதும் இடாதிருப்பதும் பெருமளவு நம் கையில் உள்ளது. அறம் தன் வேலையைத் தொடங்கும் இடம் இதுவே. சினம் எழுந்தது என்பதற்காக ஒருவர் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுந்த சினத்தை அமர்த்தி, உபசரித்து, வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டோமா என்பதுதான் கேள்வி.

இயற்கை இதற்கு ஒரு கைப்பிடியும் தந்திருக்கிறது. இதயத் துடிப்பை நேரடியாக நாம் ஆள முடியாது. சுரப்பிகளுக்கும் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு விசித்திரமானது. நாம் கவனிக்காதபோது தானே நடக்கிறது. கவனித்தால் நம் விருப்பத்திற்கும் இணங்குகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்று நிதானமாகிறது. மெல்ல நீண்டு வெளிவிடும் மூச்சு, உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளுக்குத் துணை செய்கிறது. நம் நாட்டு மரபுகள் மன அடக்கத்தை மூச்சிலிருந்து தொடங்கியது எவ்வளவு பொருத்தம்!

முயற்சியின் எல்லை

எனினும் முயற்சிக்கு எல்லை உண்டு என்பதை மறந்தால், நல்ல கருத்தே கொடுமையாக மாறிவிடும். முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் செல்களே அழிந்துவிடுகின்றன. இன்சுலின் கண்டறியப்படாத காலத்தில் அந்நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினிக்கு ஒப்பான உணவில் வைத்துச் சில காலம் காப்பதே இயன்றது. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. முதல் மருந்தில் தூய்மை போதவில்லை. காலிப் என்ற அறிஞர் தூய்மைப்படுத்திய மருந்து சில நாள்களில் வந்தது. மரணத்தின் வாயிலில் நின்ற சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் அம்மருந்தின் உரிமையைப் பெயரளவில் ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்திற்கு வழங்கிவிட்டார்கள்.

அந்தச் சிறுவனிடம் ‘மனத்தை அடக்கு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது உபதேசமா? பிரார்த்தனையும் தியானமும் மருந்துக்குத் துணை நிற்கலாம். இல்லாத இன்சுலினின் இடத்தை அவை நிரப்பா. நல்லெண்ணத்துடனேயே சிலர், ‘நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு?’ என்று பிறரிடம் கேட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டு மருந்தை நிறுத்துபவர் உயிரையே பணயம் வைக்கிறார். தைராய்டு மாத்திரை உண்பவரும், மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுபவரும் ஆன்மிகத்தில் ஒரு படி தாழ்ந்தவர் ஆகிவிடவில்லை. கண்ணாடி அணிந்து நூலைப் படிப்பவரின் கல்வியை நாம் குறைவாக மதிக்கிறோமா?

வீட்டில் ஒரு பெண் சில மாதங்களாகச் சோர்ந்து கிடந்தால், ‘வேலைக்கு அஞ்சுகிறாள்’ என்று சொல்வதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அறம். தைராய்டு நோய்கள் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன. எத்தனை இல்லங்களில் ஒரு நோய், குணக்கேடு என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறதோ!

சமநிலை எதற்காக?

இறுதியாக ஒன்று. உடல் தன் சமநிலையைப் பெரிதும் போற்றுகிறது. ஆனால் அதையே முடிந்த முடிவாகக் கொள்ளவில்லை. மகப்பேற்றின்போது, குழந்தையின் தலை கருப்பையின் வாயை அழுத்துகிறது. அந்தச் செய்தி மூளையை எட்ட, பிட்யூட்டரியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வெளிப்படுகிறது. அது கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. சுருங்கச் சுருங்க அழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிக மிக ஆக்ஸிடோசினும் பெருகுகிறது. ‘போதும்’ என்று தணிக்கும் வழக்கமான விதியை உடல் இங்கே ஒதுக்கி வைக்கிறது. குழந்தை பிறந்த பிறகே அந்தச் சுழற்சி ஓய்கிறது.

பின்னர் தாய் பாலூட்டும்போது, பாலுக்கு வேண்டிய சுண்ணச்சத்தின் ஒரு பகுதி அவளது எலும்புகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. பால் மறந்த பிறகு எலும்பு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துகொள்கிறது. தன்னைக் காப்பதில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் உடல், மற்றோர் உயிருக்காகத் தன் சமநிலையைத் தளர்த்திக்கொடுக்கவும் அறிந்திருக்கிறது.

உடலில் நடப்பதெல்லாம் அறம் ஆகிவிடாது. உடலுக்குத் தேர்வு இல்லை, நமக்கு உண்டு. ஆயினும் நம்முள் அது அமைந்திருக்கும் விதம் நமக்கு ஒரு பணிவைக் கற்பிக்கிறது. நாம் இன்று நிதானமாகப் பேசினோம் என்றால், அதில் நம் முயற்சி ஒரு பங்கு. நாம் பார்த்தே இராத சுரப்பிகளின் உழைப்பு ஒரு பங்கு. மண்ணும் உப்பும் மருந்தும் தந்த முகமறியாத மனிதர்களின் உழைப்பு மற்றொரு பங்கு. நமது பங்கு சிறியதே என்றாலும் அதை நமக்காக வேறு எவரும் செய்ய முடியாது. ஆகவே நம்மை அளக்கும்போது, ‘என் கையில் உள்ளதைச் செய்தேனா?’ என்று கேட்போம். பிறரை அளக்க நேரும்போது, ‘இவர் கையில் இல்லாதது எவ்வளவோ!’ என்று முதலில் எண்ணிப் பார்ப்போம்.